கைவழிக் கல்வி – 6: உருளாத வண்டி

ஐந்து வயதிலிருந்தே 'டிசைன் அண்ட் டெக்னாலஜி' கட்டாயப் பாடம் என்று 1990இல் இங்கிலாந்தில் ஆனபோது, தொடக்கப் பள்ளிகளில் அதற்கென்று ஒரு பட்டறை கிடையாது. உயர்நிலைப் பள்ளிகளிலாவது மரவேலைக் கூடமும் அதற்கான ஆசிரியரும் உண்டு. இங்கே காலையில் கணக்கும் மத்தியானம் வரலாறும் நடத்துகிற டீச்சர்தான் ரம்பத்தையும் கையில் எடுக்கவேண்டும். மரத்தில் மூட்டுப் போடுவதோ வருஷக்கணக்கில் பழகவேண்டிய வித்தை.

வழி காட்டியது வெறும் காகித அட்டை. டேவிட் ஜிங்க்ஸ் என்பவர் பெயரால் 'ஜிங்க்ஸ் ஃபிரேம்' என்று வழங்கும் முறை அது. ஒரு சென்டிமீட்டர் சதுரக் குச்சியைச் சின்ன ரம்பத்தால் நேராக அறுத்து, நான்கு துண்டுகளைச் செவ்வகமாக வைக்கவேண்டும். மூலைக்கு மூலை முக்கோண அட்டையை மேலும் கீழும் வெள்ளைப் பசையால் ஒட்டினால் சட்டம் தயார். குச்சியின் வெட்டுமுனையில் மட்டும் பசை தடவினால் தொட்டாலே கழன்றுவிடும். பிடிக்க அங்கே இடமில்லை. அட்டை அந்த இடத்தை அகலப்படுத்துகிறது, மூலை கோணாமலும் பார்த்துக்கொள்கிறது. செவ்வகம் சரியும், முக்கோணம் சரியாது. இதே விஷயத்தை நம் நாட்டில் அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்துக் காட்டினார்; செலவு அதைவிடக் குறைவு.

சட்டத்துக்கு அப்புறம் வண்டி. இங்கேதான் வேடிக்கை. பசை என்றால் பிள்ளைகளுக்குப் பிரியம். கெட்டியாக இருக்கவேண்டும் என்று சக்கரத்தை அச்சோடு ஒட்டுவார்கள். அச்சைச் சட்டத்தோடும் ஒட்டிவிடுவார்கள். பார்க்க லட்சணமான வண்டி, தள்ளினால் தரையில் தேய்ந்துகொண்டு போகும். ஒன்று, சக்கரமும் அச்சும் சேர்ந்து சுற்றவேண்டும். அப்போது அச்சு நுழையும் துளை தளர்வாக இருக்கவேண்டும். இல்லையென்றால் அச்சு அசையாமல் நிற்க, சக்கரம் மட்டும் சுற்றவேண்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிற டீச்சருக்கு அரைமணி நேரம் மிச்சம், பாடம் நஷ்டம். குழந்தை வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, எது சுற்றுகிறது, எது சுற்றவில்லை என்று விரலால் தட்டிப் பார்க்கிறதே, வடிவமைப்பு என்பது அதுதான். மேலே அடிக்கிற சிவப்பு பெயின்ட் இல்லை.

பாடத்திட்டம் போட்டவர்கள் அப்படி நினைக்கவில்லை. தேவையைக் கண்டுபிடி, வடிவத்தை உருவாக்கு, திட்டமிட்டுச் செய், மதிப்பிடு என்று 1990இல் நான்கு படிகள் வைத்தார்கள். காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. வகுப்பில் நடந்ததோ வேறு: பொருளைச் செய்து முடித்துவிட்டு, நோட்டில் காட்டவேண்டுமே என்பதற்காகப் பிற்பாடு 'திட்டப் படம்' வரைந்த பிள்ளைகள் உண்டு. இதைத் திருட்டுத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். அட்டையை வெட்டிப் பார்க்காத ஆறு வயதுக்காரனுக்கு, அது எங்கே மடியும், எங்கே கிழியும் என்று எப்படித் தெரியும்?

லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் ரிச்சர்ட் கிம்பெல் குழுவினர் பதினைந்து வயது மாணவர்கள் சுமார் 10,000 பேரைச் சோதித்து, 1991இல் அறிக்கை வெளியிட்டார்கள். நினைப்பதும் செய்வதும் மாறிமாறி நடக்கின்றன, ஒன்று முடிந்து மற்றது தொடங்குவதில்லை என்பதுதான் அதன் சாரம். மீசை அரும்பும் வயதிலேயே இப்படி என்றால் பால்பல் விழாதவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 1995இல் திருத்திய பாடத்திட்டத்தில் நான்கு இரண்டானது: வடிவமைத்தல், செய்தல். இப்போதைய பாடத்திட்டத்தில் சிறியவர்களுக்கு நெம்புகோலும் சக்கரமும் அச்சும், பெரியவர்களுக்குப் பல்சக்கரம், கப்பி, மின்சுற்று. ஆனால் தொடக்கப் பள்ளி முடிவில் தேசியத் தேர்வு ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும்தான். ரம்பத்துக்குக் கால அட்டவணையில் எவ்வளவு இடம் கிடைக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் மரத்தை விட்டுத் துணிக்குப் போவோம். 1998இல் வந்த மாதிரிப் பாடங்களில், தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்புக்கு வீட்டுக்குள் போடும் செருப்பு தைக்கும் வேலை இருந்தது. இடது கால், வலது கால் தகராறு அங்கே ஆரம்பம்.

(தொடரும்)