படகுக்கே புல்வேஷம் போடுகிறார்களே, தெரியுமா?

அமெரிக்காவில் நவம்பர் பிறந்துவிட்டால் போதும், ஏரிக்கரைகளில் ஒரு விசித்திரம் நடக்கும்! 14 அடி, 16 அடி அலுமினியப் படகுகள் திடீரென்று தலை முதல் வால் வரை காய்ந்த புல்லைப் போர்த்திக்கொள்ளும்! உள்ளே 2, 3 ஆட்கள், ஒரு நாய், மடியில் துப்பாக்கி, பிளாஸ்கில் காபி. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு நாணல் புதர், அவ்வளவுதான். எல்லாம் எதற்கு? வாத்து வேட்டைக்கு!

ஆனால் படகிலேயே மறைப்புக் கட்டுவதா, படகை எங்காவது ஒளித்துவிட்டுக் கரையில் நாணலுக்குள் உட்காருவதா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அங்கே அப்பனும் மகனும்கூட மல்லுக்கு நிற்கிறார்கள்! இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? கேளுங்கள்!

முதுகுக்குப் பின்னாலும் தெரியுமாம்!

மல்லார்டு என்ற பச்சைத்தலை வாத்து தலையை ஒரு இம்மிகூடத் திருப்பாமல் சுற்றிலும் 360 பாகையையும் பார்க்கும், தெரியுமா? பக்கவாட்டில் மட்டுமல்ல, தலைக்கு மேலே உள்ள வானமும் அதன் பார்வைக்குள்தான்! நம் கண்ணில் நிறம் பிரிக்கும் செல்கள் 3 வகை. வாத்துக்கு 4! அது மேலேயிருந்து வட்டமடித்துப் பார்க்கும்போது புல்லுக்கு நடுவே ஒரே ஒரு வெளிறிய முகம் அண்ணாந்து பார்த்தால் போதும். முழுக்கூட்டமும் திரும்பிப் போய்விடும்! அதனால்தான் வேட்டைக்காரர்கள் முகத்தில் கறுப்பு மை பூசிக்கொள்கிறார்கள். படகுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்துவிட்டு, ஆசையை அடக்க முடியாமல் தலையைத் தூக்கிப் பார்த்தே காரியத்தைக் கெடுப்பவர்கள்தான் அதிகம் என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள்.

பாதி மூளைக்குத் தூக்கம், பாதி மூளைக்குக் காவல்!

தூங்கும்போதாவது ஏமாற்றலாமா? அதுவும் நடக்காது! வாத்து ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, மூளையின் ஒரு பாதியை மட்டும் தூங்கவிடும்! 1999-இல் இண்டியானா ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மல்லார்டுகளை வரிசையாகத் தூங்கவைத்துப் பார்த்தார்கள். நடுவில் இருந்தவை நிம்மதியாகத் தூங்கின. ஓரத்தில் மாட்டிக்கொண்டவை? பாதித் தூக்கம் இரண்டு மடங்குக்கும் மேல் கூடிவிட்டது! அதுவும் திறந்திருந்த கண் எந்தப் பக்கம் பார்த்தது தெரியுமா? கூட்டத்துக்கு வெளியே, ஆபத்து வரக்கூடிய பக்கம்!

2,000 வருஷத்துப் பொம்மை!

மிதக்கும் பொம்மை வாத்துகளைத் தண்ணீரில் பரப்பி, பறக்கும் வாத்துகளை இறங்கவைப்பார்கள். பிளாஸ்டிக் காலத்துத் தந்திரம் என்று நினைக்கிறீர்களா? 1924-இல் நெவாடா மாநிலத்து லவ்லாக் குகையைத் தோண்டியபோது 11 பொம்மை வாத்துகள் கிடைத்தன. கோரையை மடித்துக் கட்டி, வண்ணம் பூசிச் செய்தவை. வயது? சுமார் 2,000 ஆண்டுகள்! கான்வாஸ்பேக் என்ற இனம் என்று பார்த்தவுடனே அடையாளம் சொல்லும் அளவுக்கு அச்சு அசல்! கோரையால் வாத்து செய்தவர்களின் வாரிசுகள் அல்ல இன்றைய படகுக்காரர்கள். ஆனாலும் படகில் சொருகுவது அதே மாதிரிக் கோரையைத்தான்!

தண்ணீருக்குள் ஒரு சவப்பெட்டி!

இது கொஞ்சம் பயங்கரமானது. மறைப்புப் படகுகளின் தாத்தா யார் தெரியுமா? சிங்க்பாக்ஸ்! மேரிலாந்தின் செசபீக் விரிகுடாவில் 19-ஆம் நூற்றாண்டில் கொடிகட்டிப் பறந்தது. ஆள் மல்லாந்து படுக்க ஒரு மரப்பெட்டி. அதைத் தண்ணீர்மட்டம் வரை அமிழ்த்திவிடுவார்கள். பெட்டியைச் சுற்றி மரச்சட்டமும் கான்வாஸும் இறக்கைபோல் விரிந்து தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கும். அமிழ்வது எப்படி? அங்கேதான் ஆச்சரியம்! வார்ப்பிரும்பில் வாத்து செய்து இறக்கையின் மேல் வரிசையாக உட்கார வைத்தார்கள்! எடைக்கு எடை, பொம்மைக்குப் பொம்மை!

உள்ளே படுத்திருப்பவனின் மூக்குக்கு அந்தப் பக்கம் அலை. சுற்றிலும் நூற்றுக்கணக்கில் மரவாத்துகள் மிதக்கும். கொஞ்சம் காற்று அடித்தால் தண்ணீர் பெட்டிக்குள் வழியும். சுட்ட வாத்தைப் பொறுக்க இன்னொரு படகு தூரத்தில் காத்திருக்கும். வாத்தின் கண்ணுக்கு அங்கே மனிதன் என்று ஒருவன் இல்லவே இல்லை! வண்டி வண்டியாக வாத்துகள் நகரச் சந்தைகளுக்குப் போயின. கடைசியில் அரசாங்கமே மிரண்டுபோய் 1935-இல் நாடு முழுக்கச் சிங்க்பாக்ஸுக்குத் தடை போட்டது! அதே ஆண்டில் உயிருள்ள வாத்தைக் கட்டிப்போட்டு மற்றவற்றை வரவழைப்பதற்கும் தடை, தானியம் தூவி இழுப்பதற்கும் தடை, துப்பாக்கியில் 3 தோட்டாவுக்கு மேல் போடவும் தடை!

இன்றும் சட்டம் எப்படி இருக்கிறது தெரியுமா? படகில் தாழ்வாகப் படுத்துக்கொண்டு சுடலாம். ஆனால் தண்ணீர்மட்டத்துக்குக் கீழே உடம்பை ஒளிக்கும் மிதவை என்றால் குற்றம்! சில அங்குலங்கள்தான் வித்தியாசம்!

12 அடிப் படகில் 2,600 மைல்!

நியூஜெர்சியின் பார்னகட் விரிகுடாக்காரர்கள் ஸ்னீக்பாக்ஸ் என்று ஒரு குட்டிப் படகு செய்தார்கள். மேல்தளம் வளைந்து மூடியிருக்கும், மேலே புல்லைப் போட்டால் ஒரு மண்திட்டு! வாத்து வேட்டைக்கென்றே பிறந்த படகு. அதில் ஏறி நதானியல் பிஷப் என்பவர் என்ன செய்தார் தெரியுமா? 1875 டிசம்பரில் பிட்ஸ்பர்க்கில் கிளம்பி, ஒஹையோ ஆறு, மிசிசிப்பி ஆறு, மெக்சிகோ வளைகுடாக் கரை என்று 2,600 மைல் போய்ப் புளோரிடாவில் கரையேறினார்! வாத்து பிடிக்கும் படகில்!

துப்பாக்கியா, பீரங்கியா?

இங்கிலாந்தில் தட்டையான படகின் மூக்கிலேயே ஒரு ராட்சதத் துப்பாக்கியைக் கட்டினார்கள். சுடுபவர் படகில் குப்புறப் படுத்து மெல்ல மெல்லத் தள்ளிப்போய், கூட்டத்தைக் கண்டதும் ஒரே வெடி. ஒரு வெடியில் 50 பறவைகள் விழுந்த கதைகளும் உண்டு! குழாய் வாய் 1¾ அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று 1981-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அட, அப்படியென்றால் அதற்குள் அடங்கினால்? அடங்கினால் இன்றும் செல்லும்! அரசரின் முடிசூட்டு விழாவுக்கும் ஜூபிலிக்கும் லிங்கன்ஷயரில் இந்தத் துப்பாக்கிகளால் மரியாதை வேட்டு வேறு போடுகிறார்கள்!

மோட்டார் ஓடினால் மாட்டிக்கொள்வீர்கள்!

மறைப்புப் படகு என்றால் துரத்திக்கொண்டே சுடலாம் என்று நினைத்தீர்களா? கூடவே கூடாது! அமெரிக்கச் சட்டப்படி மோட்டாரை முழுக்க அணைக்க வேண்டும். அணைத்தால் மட்டும் போதாது, மோட்டார் கொடுத்த வேகத்தில் படகு நகர்ந்துகொண்டிருப்பதும் நிற்க வேண்டும்! பாய்மரப் படகா? பாயைச் சுருட்டு, நின்ற பிறகு சுடு! இன்னும் கேளுங்கள். 1991 முதல் நாடு முழுக்க வாத்து வேட்டையில் ஈய ரவைக்குத் தடை! சேற்றில் விழுந்த ரவையைக் கல்லென்று நினைத்து வாத்துகள் விழுங்கி, விஷமேறிச் செத்துக்கொண்டிருந்தன. இப்போது இரும்பு ரவை.

வர்ஜீனியாவில் இன்னொரு வேடிக்கை! அங்கே தண்ணீரில் கம்பம் நட்டு நிரந்தர மறைப்புக் கட்ட லைசென்ஸ் உண்டு. அடுத்தவர் நட்ட மறைப்பிலிருந்து 500 கெஜத்துக்குள் உங்கள் படகு மறைப்பு நிற்கக்கூடாது! எனவே படகை வாங்கும் முன் வரைபடத்தை விரித்து அளக்க வேண்டும்!

சரி, படகா கரையா?

இனி நிஜக் கணக்குக்கு வருவோம். படகின் இரு பக்கமும் மடக்குக் குழாய்ச் சட்டம் நிற்கும். அதன் மேல் வலை, வலையில் கட்டுக் கட்டாகப் புல். வேட்டை முடிந்ததும் சட்டத்தைக் கீழே சாய்த்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். கடையில் விற்கும் புல்லை அப்படியே சொருகினால் ஏமாந்தீர்கள்! பழகியவர்கள் வேட்டையாடும் இடத்திலேயே சம்பும் நாணலும் அறுத்து, கூரை வேய்வதுபோல் கீழிருந்து மேலாக அடுக்குவார்கள். பழுப்பு நாணலுக்கு நடுவே மஞ்சள் புதர் ஒன்று முளைத்தால் வாத்துக்குச் சந்தேகம் வராதா?

லாபம் என்ன? வாத்து இன்று வடக்கு மூலையில் இறங்குகிறதா, நீங்களும் வடக்கு மூலைக்குப் போகலாம்! கரை சேறாக இருந்தாலும், தண்ணீர் கழுத்தளவு ஆழமானாலும் கவலையில்லை. குளிரில் இடுப்பளவு தண்ணீரில் நிற்க முடியாத வயதானவருக்கு இதைவிட வரம் கிடையாது!

நஷ்டம்? 16 அடிப் புதர் ஒன்று திறந்த வெளியில் தன்னந்தனியாக நின்றால் குருட்டு வாத்துகூட விலகிப் போகும்! சூரியன் சாய்வாக அடிக்கும்போது படகின் நிழல் தண்ணீரில் கறுப்பாக நீளும், அதை எந்தப் புல்லும் மறைக்காது. நிமிர்த்திய மறைப்பில் காற்று பாய்மரத்தில் மோதுகிற மாதிரி மோதி நங்கூரத்தை இழுக்கும். நாய் ஒரு பக்கம் சாய்ந்தால் மொத்தப் படகும் ஆடும், அலைவட்டம் கிளம்பும், மேலே போகிறவைக்குச் சேதி போய்விடும்! முழங்கால் ஆழமும் அடர்ந்த நாணலும் உள்ள இடத்தில் படகில் உட்கார்ந்திருப்பது வீண் வேலை என்பேன். இறங்கி நடந்து, படகை நூறடி தள்ளி ஒளித்துவிடலாம். பெரிய ஏரி, ஆறு, கரையோரம் நாணல் இருந்தும் கால்வைக்க இடமில்லை என்றால்தான் படகுக்குப் புல் கட்டுவதில் அர்த்தம்.

நாயும் கப்பலில் வந்ததுதான்!

படகிலிருந்து பனித் தண்ணீரில் குதித்து வாத்தைக் கவ்வி வரும் செசபீக் பே ரிட்ரீவர் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1807-இல் மேரிலாந்து கடலோரம் மூழ்கவிருந்த கப்பலிலிருந்து காப்பாற்றப்பட்ட 2 குட்டிகளிலிருந்து! ஒன்றுக்குப் பெயர் செய்லர், இன்னொன்றுக்குக் கேன்டன். காப்பாற்றிய கப்பலின் பெயர்தான் கேன்டன்! விரல்களுக்கு நடுவே வாத்துக்காலைப் போலச் சவ்வு வேறு!

கூடவே ஒரு குட்டித் தகவல்: மல்லார்டு இனத்தில் "குவாக் குவாக்" என்று ஊரைக் கூட்டுவது பெண் மட்டும்தான்! ஆணுக்கு மெல்லிய கரகரப்புதான். தாடிவைத்த ஆண்களெல்லாம் படகில் உட்கார்ந்து ஊதுகிற ஊதலில் வருவது பெண்வாத்தின் குரல்!

காலையில் வெயில், மாலையில் மரணம்!

1940 நவம்பர் 11. அமெரிக்காவில் விடுமுறை நாள். அதிகாலை இளஞ்சூடு! மின்னசோட்டா, விஸ்கான்சின் பக்கம் வேட்டைக்காரர்கள் மெல்லிய சட்டையோடு மிசிசிப்பித் தீவுகளுக்குப் படகில் போனார்கள். நண்பகலை ஒட்டி வானம் இருண்டது. எங்கிருந்தோ ஆயிரக்கணக்கில் வாத்துகள் தாழப் பறந்து வந்தன! ஆஹா, யோகம் என்று சுட்டுக்கொண்டே நின்றார்கள். ஆனால் அந்த வாத்துகள் வேட்டைக்காரர்களைத் தேடி வரவில்லை. புயலுக்குப் பயந்து ஓடி வந்தவை!

மழை, ஆலங்கட்டி, பனி, மணிக்கு 80 கி.மீ.க்கும் மேல் காற்று! சில மணி நேரத்தில் குளிர் உறைநிலைக்குக் கீழே சரிந்தது. ஆற்றில் எழுந்த அலையில் சின்னப் படகுகளால் கரை திரும்ப முடியவில்லை. படகைக் கவிழ்த்து அதன் அடியில் பதுங்கியவர்கள் உண்டு, விடிய விடிய குதித்துக்கொண்டே இருந்து பிழைத்தவர்களும் உண்டு. அந்தப் புயலில் இறந்தவர்கள் 140-க்கும் மேல்! மின்னசோட்டாவில் மட்டும் 49 பேர், அதில் ஏறக்குறைய பாதி வாத்து வேட்டைக்காரர்கள்!

மறுநாள் வினோனா ஊரின் விமானி மேக்ஸ் கான்ராட் என்ன செய்தார் தெரியுமா? அடங்காத காற்றில் குட்டி பைபர் கப் விமானத்தை எடுத்துக்கொண்டு ஆற்றின் மேல் பறந்து ஆட்களைத் தேடினார்! டப்பாக்களில் சாண்ட்விச், தீப்பெட்டி, சிகரெட், விஸ்கி அடைத்துத் தீவுகளில் போட்டார்! மீட்புப் படகுகளுக்கு மேலிருந்தே வழி காட்டினார்!

1, 10, 1!

உறையும் தண்ணீரில் விழுந்தால் எவ்வளவு நேரம் தெரியுமா? மூச்சிரைப்பை அடக்க 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம்! அதுவும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தால்தான் இந்த 1 மணி நேரக் கணக்கு! 20 அடிக்குக் குறைந்த படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு எடை என்று ஒரு தகடு ஒட்டியிருக்க வேண்டும், அமெரிக்காவில் 1972 முதல் இது கட்டாயம். ஆனால் மறைப்பின் குழாய்ச் சட்டம், புல், நனைந்த நாய், டஜன் டஜனாகப் பொம்மை வாத்து எல்லாம் அந்த எடையில்தான் சேரும் என்பதைப் பலர் கடைசியில்தான் நினைத்துப் பார்க்கிறார்கள்! மூடிய மறைப்புக்குள் கேஸ் அடுப்பு பற்றவைப்பவர்களைப் பற்றி என்ன சொல்ல? கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது!

வேடந்தாங்கலுக்கும் வரும் அதே வாத்து!

அமெரிக்கர்கள் படகில் ஒளிந்து காத்திருக்கிற ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் நம் வேடந்தாங்கலுக்கும் வருகிற இனங்கள்தான், தெரியுமா? அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். 1798-இல் பாதுகாப்பு உரிமையை எழுதி வாங்கியே விட்டார்கள்! பறவை எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்!

வேட்டைக்காரர் காசில் 60 லட்சம் ஏக்கர்!

அமெரிக்காவில் 16 வயதை எட்டிய வாத்து வேட்டைக்காரர் எவரும் ஆண்டுதோறும் ஒரு ஸ்டாம்ப் வாங்கியே ஆக வேண்டும்! 1934-இல் விலை 1 டாலர், இன்று 25 டாலர். முதல் ஸ்டாம்பை வரைந்தவர் "டிங்" டார்லிங், புலிட்சர் வாங்கிய கார்ட்டூனிஸ்ட்! ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் நேராகச் சதுப்பு நிலம் காக்கப் போகிறது. இதுவரை 60 லட்சம் ஏக்கருக்கு மேல்!

படகுக்குச் செலவு செய்வதா வேண்டாமா என்று தடுமாறுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. 2007-இல் எல்மர் குரோவெல் என்ற மாசசூசெட்ஸ் தச்சுக் கலைஞர் செதுக்கிய 2 மரப் பறவைகள் விலைபோயின. ஒன்று ஊசிவால் வாத்து, இன்னொன்று தூங்கும் கனடா வாத்து. எவ்வளவுக்குத் தெரியுமா? தலா 11 லட்சத்து 30 ஆயிரம் டாலர்! வாங்கியவர் அவற்றை எந்த ஏரியிலும் மிதக்கவிடப் போவதில்லை என்று பந்தயமே கட்டலாம்!