ராஜ வீதியில் நடக்க இடம் வேண்டும்

2019 அக்டோபர் 11 அன்று மாலை பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் அர்ஜுனன் தபசு முன்னால் நின்றார்கள். அதற்கு முந்தைய நாட்களில் ஊரே அமர்க்களப்பட்டது. சாலைகளைச் செப்பனிட்டார்கள், சுவர்களுக்கு வண்ணம் அடித்தார்கள், சிற்பங்களை ஒட்டியிருந்த சாலையோரக் கடைகளை எடுக்கச் சொன்னார்கள். 2022 ஜூலை இறுதியில் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் தொடங்கியபோது மறுபடியும் ஒரு சுற்று வேலை நடந்தது. பெரிய விருந்தாளி வந்தால் தெரு சீராகும் என்பது இந்த ஊரின் வழக்கமாகிவிட்டது. ஆனால், தினமும் வருகிற விருந்தாளிகளை யார் பார்ப்பது?

அவர்கள் கொஞ்சம் பேர் இல்லை. 2021-22இல் இந்தியத் தொல்லியல் துறையின் கட்டணச் சின்னங்களுக்கு வந்த வெளிநாட்டவர் எண்ணிக்கையில் மாமல்லபுரம்தான் முதலிடம்: 1,44,984 பேர். அந்த ஆண்டு தாஜ்மகாலுக்கு வந்தவர்கள் 38,922 பேர்தான். செங்கல்பட்டிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வரும் நம்மவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

வருகிறவர்கள் கோயிலைப் பார்த்துவிட்டுக் கடைத்தெருவுக்குத்தான் வருகிறார்கள். கிழக்கு ராஜ வீதி, கடற்கரைக்குப் போகும் ஒத்தவாடைத் தெரு, ஐந்து ரதம் சாலை ஆகிய மூன்றும்தான் ஊரின் சந்தை. கருங்கல் பிள்ளையார், மாக்கல் யானை, சங்கு, சிப்பி மாலை, முத்துக் கம்மல், தையல் கடை, மீன் வறுவல் என எல்லாம் இங்கேதான். சிற்பக் கடையின் வாசலிலேயே ஒருவர் உட்கார்ந்து உளி பிடித்துக்கொண்டிருப்பார். கல்தூள் முழங்கால்வரை படிந்திருக்கும். பக்கத்தில் பாதி முடிந்த நந்தி. அவர் கண்ணைச் செதுக்குவதை நின்று பார்க்க யாருக்கும் ஆசை வரும். நிற்க இடம் எங்கே? முதுகை உரசிக்கொண்டு வேன் போகிறது.

வயதான அம்மாவைக் கைபிடித்து இந்தத் தெருவில் கூட்டிப் போய்ப் பாருங்கள். வடிகால்மேல் போட்ட சிமென்ட் மூடிதான் நடைபாதை. ஒரு கடைக்கு முன்னால் அது அரையடி உயரம், அடுத்த கடைக்கு முன்னால் சாய்தளம், அதற்கடுத்து மூடியே உடைந்திருக்கும். நடுவில் ஸ்கூட்டர், அப்புறம் கடையின் பெயர்ப்பலகை. நாலடிக்கு ஒரு தடவை அம்மா சாலையில் இறங்க வேண்டும். கடைத்தெருவில் நடைபாதை குறைந்தது இரண்டரை மீட்டர் தடையின்றி இருக்க வேண்டும், விளிம்பு 15 சென்டிமீட்டருக்குமேல் உயரக் கூடாது என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸின் நெறிமுறை சொல்கிறது. இது ஆடம்பரக் கணக்கில்லை. அதற்குமேல் உயர்ந்தால் முட்டி வலிக்காரர் ஏற மாட்டார்.

செய்ய முடியாத வேலையா என்றால், இல்லை. சென்னை பாண்டி பஜாரில் செய்து காட்டினார்கள். தியாகராய சாலையில் காரை ஒதுக்கி, நடைபாதையை அகலமாக்கி, 2019 நவம்பரில் திறந்தார்கள். அதற்கு முன் சோதனையாகச் சில நாட்கள் வண்டிகளை விடாமல் பார்த்தார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்த இடத்தில், குழந்தைகளை ஓடவிட்டு நிதானமாகக் கடை பார்க்கும் கூட்டம் வந்தது. அதே பாண்டி பஜாரிலிருந்து இன்னொரு பாடமும் உண்டு. அங்கே நடைபாதையில் கடை போட்டிருந்தவர்களை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஒரு கட்டடத்துக்குள் மாற்றினார்கள். போகிற போக்கில் வாங்கும் பொருளுக்காக யாரும் மாடி ஏறுவதில்லை. விற்பனை விழுந்ததென்று அவர்கள் புலம்பினார்கள். மாமல்லபுரத்தில் அது நடக்கவே கூடாது.

பாசிமணி விற்கும் பெண்ணும், சங்கு விற்கும் பெரியவரும் தெருவின் அழகைக் கெடுப்பவர்கள் அல்லர். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது. கணக்கெடுத்துச் சான்றிதழ் தரும்வரை யாரையும் கிளப்பக் கூடாது. அதன்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும்; அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஐம்பது ஆண்டுகளுக்குமேல் இயல்பாக நடந்துவரும் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ராஜ வீதிச் சுற்றுவட்டாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பிரிவு வேறில்லை.

‘தொல்லியல் துறை விடாது’ என்ற பதிலை இங்கே அடிக்கடி கேட்கலாம். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என்பது உண்மைதான். ஆனால் 2010இல் திருத்தப்பட்ட தொல்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டமே வடிகால் அமைப்பதையும், பொதுக் கழிப்பறையையும், குடிநீர், மின்சார வசதிகளையும் ‘கட்டுமானம்’ என்ற வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. இந்தத் தெருக்களுக்கு முதலில் வேண்டியவை அவைதான். மண்ணுக்கடியில் என்ன இருக்கிறதோ என்ற கவனத்தோடு, துறையைக் கலந்துகொண்டே இதைச் செய்யலாம். மழைத்தண்ணீருக்கு வழி செய்யாமல் மேலே கல் பதித்தால் அடுத்த வடகிழக்குப் பருவமழையில் எல்லாம் பெயர்ந்துவிடும். மின்கம்பியையும் குடிநீர்க் குழாயையும் அதே பள்ளத்தில் ஒரே தடவையாகப் போட்டு மூட வேண்டும். வருடத்துக்கு ஒரு இலாகா வந்து தோண்டும் தெரு எந்நாளும் தேறாது.

மேலே பதிப்பது எதை? ஊர் ஊருக்குப் பதிக்கும் சிவப்பு, மஞ்சள் பேவர் பிளாக் இங்கே வேண்டவே வேண்டாம். 1957 முதல் சிற்பக் கல்லூரி இருக்கும் ஊர் இது. இதன் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கிய கருங்கல் மழையில் வழுக்காது, உப்புக்காற்றையும் தாங்கும். அந்தக் கல்லையும், வண்டி ஏறாமல் தடுக்கும் குட்டைக் கல்தூண்களையும், உட்காரும் திண்ணைகளையும் உள்ளூர்ப் பட்டறைகளிலிருந்தே வாங்க வேண்டும். ஒப்பந்தத்திலேயே அதை எழுத வேண்டும். அப்போதுதான் தெருவுக்குச் செலவாகும் பணம் தெருவிலேயே தங்கும்.

கார்களை ஊருக்கு வெளியே நிறுத்தவைத்துச் சிறு மின்வண்டிகளில் அழைத்து வரலாம். நடக்க முடியாதவர்களுக்கும், கடைகளுக்குக் காலையில் சரக்கு இறக்கவும் வழிவிட்டால் போதும். இதற்கெல்லாம் கோடிகள் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மாவட்ட நிர்வாகம் ஒரு மாதம், சனி ஞாயிறு மாலைகளில் மட்டும் கிழக்கு ராஜ வீதியில் வண்டிகளை விடாமல் பார்க்கட்டும். கடைக்காரர்களே கணக்குச் சொல்வார்கள். டெண்டர் விடுவதற்கு முன் வரைபடத்தைப் பேருந்து நிலையத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுங்கள். விற்பனைக் குழுவைக் கூட்டி, தெருவில் உட்கார்ந்து விற்கிறவர்களின் ஒப்புதலோடு வேலையைத் தொடங்குங்கள்.