மார்பகப் புற்றுநோய் அறுவை மருத்துவமும் ஒப்பீட்டுச் சோதனைகளும்

ஆய்வுச் சுருக்கம்

மார்பகப் புற்றுநோய்க்கு மார்பகத்தையும் அதன் அடியிலுள்ள தசைகளையும் முற்றாக நீக்குவதே தக்க மருத்துவம் என்னும் கருத்து ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் நிலைபெற்றிருந்தது. முறையாகத் திட்டமிடப்பட்ட ஒப்பீட்டுச் சோதனைகளே அக்கருத்தை மாற்றின. அவை நிகழ்ந்த முறையினையும் எழுப்பிய அறவினாக்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மார்பகப் புற்றுநோய், மருத்துவச் சோதனை, சமவாய்ப்பு ஒதுக்கீடு, ஒப்புதல், கதிர்வீச்சு.

முன்னுரை

ஒரு சிகிச்சையைப் பெற்றவர் நலமடைந்தார் என்பதனாலேயே அச்சிகிச்சைதான் நலம் தந்தது என்று கொள்ள இயலாது. நோய் தொடக்க நிலையிலேயே கண்டறியப்பட்டிருக்கலாம். மெதுவாக வளரும் இயல்புடையதாக இருக்கலாம். உடல்வலிமை மிக்கவர்களையே மருத்துவர் அறுவைக்குத் தேர்ந்திருக்கலாம். இக்காரணங்களைச் சிகிச்சையின் பயனிலிருந்து பிரித்தறிய உதவுவது மருத்துவச் சோதனை. ஒத்த நிலையிலுள்ள நோயாளரைக் குழுக்களாகப் பிரிக்கும்போது, எவர் எக்குழுவில் சேர்வது என்பதை மருத்துவரின் விருப்பத்திற்கு விடாமல் குலுக்கல் போன்றதொரு முறையால் முடிவு செய்வர். இதுவே சமவாய்ப்பு ஒதுக்கீடு எனப்படும்.

ஹால்ஸ்டெட்டின் கோட்பாடு

அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், தாம் அறுவை செய்த 50 நோயாளரைப் பற்றிய அறிக்கையை 1894இல் வெளியிட்டார். புற்றுநோய் மார்பகத்திலிருந்து அக்குளின் நிணநீர்க் கணுக்களுக்கும், அங்கிருந்து பிற உறுப்புகளுக்கும் படிப்படியாகப் பரவுகிறது என்பது அவர் கோட்பாடு. எனவே மார்பகம், மார்புத் தசைகள், அக்குள் கணுக்கள் ஆகிய அனைத்தையும் ஒருசேர நீக்க வேண்டும் என்றார். அறுவை செய்த இடத்தில் நோய் மீளத் தோன்றுவது இம்முறையால் குறைந்தது உண்மை. ஆயினும் கை வீக்கம், தோளசைவுக் குறைவு, மார்புக்கூட்டின் உருக்குலைவு ஆகியவற்றோடு பெண்கள் வாழ நேர்ந்தது. இவ்விழப்பு ஆயுளை நீட்டித்ததா என்பது நெடுங்காலம் முறையாகச் சோதிக்கப்படவில்லை.

1971இல் தொடங்கிய சோதனை

பெர்னார்ட் ஃபிஷர் தலைமையிலான அமெரிக்க ஆய்வுக்குழு 1971இல் 'பி-04' என்னும் சோதனையைத் தொடங்கியது. அக்குள் கணுக்களில் நோய் தொட்டுணரப்படாத பெண்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதற்குழுவினர்க்கு ஹால்ஸ்டெட் முறை அறுவை செய்யப்பட்டது. இரண்டாம் குழுவினர்க்கு மார்பகம் மட்டும் நீக்கப்பட்டுக் கதிர்வீச்சு தரப்பட்டது. மூன்றாம் குழுவினர்க்கு மார்பகம் மட்டும் நீக்கப்பட்டது. பின்னர்க் கணுக்களில் நோய் தோன்றினால் மட்டுமே அவை நீக்கப்பட்டன.

முதற்குழுவினரின் கணுக்களை நுண்ணோக்கியால் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 40 விழுக்காட்டினரிடம் மறைந்த நோய் காணப்பட்டது. ஒதுக்கீடு சமவாய்ப்பில் நிகழ்ந்தமையால் மூன்றாம் குழுவிலும் ஏறத்தாழ அதே அளவினரிடம் அது இருந்திருக்க வேண்டும். அங்கு அக்கணுக்கள் நீக்கப்படாமலே விடப்பட்டன. ஆயினும் 25 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கியபோதும் குழுக்களிடையே உயிர்வாழ்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு புலப்படவில்லை. கணுக்களில் காணப்படும் நோய், பரவலின் அடையாளமேயன்றி அதன் வாயில் அன்று என்னும் கருத்துக்கு இம்முடிவு வலுவூட்டியது.

மார்பகத்தைக் காக்கும் அறுவை

1976இல் தொடங்கிய 'பி-06' சோதனை, கட்டியை மட்டும் நீக்கினால் போதுமா என வினவியது. 20 ஆண்டுகளின் இறுதியில், மார்பகத்தை முற்றாக நீக்கியவர்க்கும் கட்டியை மட்டும் நீக்கியவர்க்கும் உயிர்வாழ்வில் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் அதே மார்பகத்தில் நோய் மீளத் தோன்றுவது, கதிர்வீச்சு பெற்றோரிடம் 14.3 விழுக்காடாகவும் பெறாதோரிடம் 39.2 விழுக்காடாகவும் இருந்தது. இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்தோ வெரோனேசி 701 பெண்களிடம் நிகழ்த்திய சோதனையும் மார்பகத்தைக் காப்பதால் உயிர்வாழ்வு குறையவில்லை எனக் காட்டியது.

ஒப்புதலும் நம்பகத்தன்மையும்

'பி-06' சோதனையில் பெண்கள் சேர்வது தொடக்கத்தில் மிக மந்தமாக இருந்தது. எது சிறந்தது எனத் தமக்குத் தெரியாது என்று நோயாளரிடம் கூற மருத்துவர் தயங்கினர். தம் உறுப்பின் நிலையைக் குலுக்கலுக்கு விடப் பெண்களும் தயங்கினர். எனவே 1978இல் முறை மாற்றப்பட்டது. முதலில் ஒதுக்கீடு செய்து, அதன் முடிவைப் பெண்ணிடம் தெரிவித்த பின்னரே ஒப்புதல் கேட்டனர். சேர்க்கை பெருகியது. தமக்கு எது செய்யப்படும் என்பதை அறிந்தே பெண் ஒப்பினாள் என்பது இம்முறையின் நன்மை. ஒதுக்கப்பட்ட சிகிச்சையின் பக்கமாகவே மருத்துவரின் விளக்கம் சாயக்கூடும் என்பது இதன் குறை.

1994இல் மற்றொரு சிக்கல் வெளிவந்தது. கனடாவின் மாண்ட்ரியால் நகர மையம் ஒன்றில் நோயாளரின் தகவல்கள் திரிக்கப்பட்டிருந்தமை பொதுவெளியில் தெரியவந்தது. சோதனையை நம்பி மார்பகத்தைக் காத்துக்கொண்ட பெண்கள் அச்சமுற்றனர். அம்மையத்தின் தரவுகளை விலக்கி மீளக் கணித்தபோதும் முடிவு மாறவில்லை. பல மையங்களில் ஒரே சோதனையை நடத்துவதன் பயனும், தரவைத் தொடர்ந்து தணிக்கை செய்ய வேண்டியதன் தேவையும் இந்நிகழ்வால் ஒருங்கே விளங்கின.

முடிவுரை

மிகுதியாக நீக்குவதே மிகுந்த பாதுகாப்பு என்னும் எண்ணம் இச்சோதனைகளால் தகர்ந்தது. ஆயினும் அவற்றின் முடிவை அதன் நிபந்தனையோடு சேர்த்தே படித்தல் வேண்டும். மார்பகத்தைக் காக்கும் அறுவை கதிர்வீச்சோடு இணைந்தே பரிந்துரைக்கப்பட்டது. கதிர்வீச்சு மையத்திற்குப் பல வாரங்கள் சென்றுவர இயலாத பெண்ணுக்கு, அறுவைக்கு முன்பே இதனை எடுத்துரைப்பது மருத்துவரின் கடமையாகும். குலுக்கலுக்கு உடன்பட்ட பெண்களால் கிடைத்த அறிவு, அவர்களுக்குப் பின்வரும் பெண்களுக்கு முழுமையாகச் சென்றடைதலே முறை.