நீரும் சந்தன எண்ணெயும்

நுழையும்முன்

ஒட்டாத உறவை ‘எண்ணெயும் தண்ணீரும் போல’ என்கிறோம். இவ்விரண்டும் ஒட்டாமைக்குப் பகைதான் காரணமா? குளிரிலும் வெப்பத்திலும் நீர் மூலக்கூறுகள் ஒரே விதமாகத்தான் நடந்துகொள்கின்றனவா? இவ்வினாக்களுக்கு இக்கட்டுரை விடை கூறுகிறது.

மலையில் தொடங்கும் வினா

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடப்பது சவ்வாது மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாகிய இது, சந்தன மரங்களுக்குப் பெயர்பெற்றது. சந்தனத்தின் மணம் அதன் வைரக்கட்டையில் உறைந்திருக்கும் எண்ணெயிலிருந்து பிறக்கிறது. கட்டையைப் பொடியாக்கி அதனூடே நீராவியைச் செலுத்தினால், ஆவியோடு எண்ணெயும் வெளியேறும். அந்த ஆவியைக் குளிர்வித்தால் நீர் கீழாகவும் எண்ணெய் மேலாகவும் பிரிந்து நிற்கும். நீராவியோடு இவ்வளவு தொலைவு உடன்வந்த எண்ணெய், இறுதியில் நீரை விட்டு விலகுவது ஏன்?

பகை அன்று

இத்தகைய பொருள்களை ‘நீர்வெறுப்புப் பொருள்கள்’ என்று அறிவியல் நூல்கள் குறிக்கின்றன. அப்பெயர் நம்மைத் தவறான வழியில் செலுத்திவிடக்கூடும். தூய நீரின்மேல் ஒரு துளி நல்லெண்ணெயை விட்டுப் பாருங்கள். அது மெல்லிய படலமாகப் பரவும். வெறுப்பு இருப்பின் இவ்வாறு பரவுமா? நீருக்கும் எண்ணெய்க்கும் இடையே ஈர்ப்பு உண்டு. ஆனால், நீர் மூலக்கூறுகள் தமக்குள் கொண்டுள்ள ஈர்ப்பு அதனினும் வலியது. ஒவ்வொரு நீர் மூலக்கூறும் ஏறத்தாழ நான்கு அண்டை மூலக்கூறுகளுடன் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து நிற்கிறது. கோத்த கைகளை விட நீருக்கு மனமில்லை என்பதே உண்மை.

குளிரில் ஒழுங்கு

கைகோத்து நிற்கும் கூட்டத்தின் நடுவே ஒரு கல்தூண் இருப்பதாகக் கொள்வோம். தூணோடு கைகோக்க இயலாது. எனவே, அருகில் நிற்போர் தூணைச் சுற்றி வளைந்து, தம்முள் கைகோத்துக்கொள்வர். பிணைப்பு அறுவதில்லை, ஆயினும், விரும்பிய பக்கம் திரும்பும் உரிமை குறைகிறது. குளிர்ந்த நீரில் கரைபொருளைச் சுற்றி நிகழ்வதும் இதுவே. மூலக்கூறுகளின் இச்சுதந்திர இழப்பை வேதியியல், என்ட்ரோபி குறைதல் என்கிறது. இவ்விழப்பைத் தவிர்க்கவே, நீர் எண்ணெய்த் துளிகளை ஒன்றாக ஒதுக்குகிறது.

1945இல் பிராங்க், எவன்ஸ் என்னும் அறிஞர்கள், கரைபொருளைச் சுற்றிலும் சிறு பனிப்பாறை போன்ற அமைப்பு உருவாவதாகக் கருதினர். இக்கருத்து நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது.

வெப்பத்தில் மாற்றம்

அவ்விவாதத்திற்கு ஒளியூட்ட உதவியது ஒரு தமிழரின் கண்டுபிடிப்பு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன், 1928இல் ‘இராமன் விளைவைக்’ கண்டறிந்தார். மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும் ஒளியின் ஒரு சிறு பகுதி நிறம் மாறுகிறது. அம்மாற்றத்தைக் கொண்டு மூலக்கூறுகளின் அதிர்வை அறியலாம். இவ்வழியைப் பின்பற்றி, அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோர் பென்-அமோட்ஸ் குழுவினர், மெத்தனால் முதல் ஹெப்டனால் வரையிலான ஆல்கஹால்களை நீரில் கரைத்து, 0 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை ஆராய்ந்து, 2012இல் முடிவுகளை வெளியிட்டனர். சந்தன எண்ணெயின் முதன்மைக் கூறாகிய சாண்டலாலும் ஓர் ஆல்கஹாலே.

குளிரில், கரைபொருளைச் சூழ்ந்த நீர் ஏனைய நீரைவிட ஒழுங்குடன் இருந்தது. வெப்பம் ஏற ஏற அவ்வொழுங்கு மறைந்தது. கார்பன் சங்கிலியின் நீளம் ஏறத்தாழ ஒரு நானோமீட்டரைக் கடந்தபோது, வெப்பத்தில் நேர்மாறான நிலை தோன்றியது: சூழ்ந்த நீர், ஏனைய நீரைவிட ஒழுங்கு குலைந்து, தளர்ந்த பிணைப்புகளுடன் காணப்பட்டது. ஆகவே, கரையாமை ஒன்றே எனினும் அதன் காரணம் ஒன்றன்று. குளிரில் சுதந்திர இழப்பும், மிகுந்த வெப்பத்தில் பிணைப்புகளின் தளர்ச்சியும் முதன்மை பெறுகின்றன.

உயிரின் அடித்தளம்

இது எண்ணெய்க்கு மட்டும் உரிய செய்தியன்று. நம் உடலின் புரதங்கள் தம் நீர்விலக்கும் பகுதிகளை உள்ளே மறைத்து மடிகின்றன. செல்லைச் சூழ்ந்த சவ்வும் இவ்வாறே உருவாகிறது. புரதம் மடிந்து உரிய வடிவம் பெற்றால்தான் தன் பணியைச் செய்யும். குளிர் மிகும்போது இந்த ஒதுக்கும் விளைவு வலுவிழப்பதால், சில புரதங்கள் தம் மடிப்பை இழப்பதும் உண்டு.

ஓடையிலும் இதன் சுவடு உண்டு. நீரோடு பிணைப்பு கொள்ளாத ஆக்சிஜன், கடல்மட்டக் காற்றழுத்தத்தில் 0 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 14.6 மில்லிகிராம் கரைகிறது. 30 டிகிரியிலோ ஏறத்தாழ 7.6 மில்லிகிராமே கரைகிறது. ஓடைநீர் சூடேறினால் மீன்கள் மூச்சுக்குத் தவிப்பது இதனாலேயே. நிழல்தரும் மரங்களைக் காப்பது, நீரில் வாழும் உயிர்களின் மூச்சைக் காப்பதுமாகும்.

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாமைக்குக் காரணம் பகையன்று. நீர் தன் இனத்தோடு கொண்ட உறவின் வலிமையே. அவ்வுறவு குளிரில் ஒரு வடிவமும் வெப்பத்தில் மற்றொரு வடிவமும் கொள்கிறது. ஒரு சொல் தரும் பொருளோடு நின்றுவிடாமல், அதன் பின்னுள்ள உண்மையைத் தேடுவதே அறிவியல் நமக்குக் கற்பிக்கும் பாடம்.