கண்ணாடித் தகட்டில் ஓர் ஆச்சரியக்குறி

1923 அக்டோபர். கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகம். ஆண்ட்ரோமீடா என்னும் மங்கலான ஒளித்திட்டைப் படம்பிடித்த கண்ணாடித் தகட்டில், ஒரு புள்ளியை வெடித்துப் பிரகாசித்த விண்மீன் என்று மையால் குறித்திருந்தார் வானியலாளர் எட்வின் ஹபிள். பழைய தகடுகளோடு ஒப்பிட்டால், அது மங்குவதும் ஒளிர்வதுமாக இருந்தது! குறிப்பை அடித்துவிட்டு, 'மாறும் விண்மீன்' எனச் சுருக்கமாக எழுதி ஆச்சரியக்குறியும் போட்டார். இவ்வகை விண்மீன் மங்கி ஒளிர எத்தனை நாள் ஆகிறதென்று தெரிந்தால், அதன் தொலைவைக் கணக்கிடலாம். இதற்கு வழிகாட்டிய விதியைக் கண்டவர் ஹென்ரியெட்டா லெவிட். ஹபிளின் புகழில் பாதியாவது அவருக்குச் சேரவேண்டும். ஹபிள் கணக்குப் போட்டதில், ஆண்ட்ரோமீடா நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனி விண்மீன் திரள் என்று தெரிந்தது. இன்றைய அளவீட்டில் தொலைவு சுமார் 25 லட்சம் ஒளியாண்டுகள். ஊர் வெளிச்சம் எட்டாத இடத்தில், நிலவில்லாத கார்த்திகை இரவில், வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம்.