காரணம் பறிக்கப்பட்ட நாயகிகள்

2019 மே 12. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் கடைசிக்கு முந்தைய எபிசோட் ஒளிபரப்பாகிறது. டெனேரிஸ் டார்கேரியன் டிராகன் மேல் அமர்ந்தபடி கிங்ஸ் லேண்டிங் நகரைப் பார்க்கிறாள். எதிரிப் படை வாளைக் கீழே போட்டுவிட்டது. சரணடைந்ததற்கு அடையாளமாக மணிகள் ஒலிக்கின்றன. போர் முடிந்துவிட்டது, அவளே ஜெயித்துவிட்டாள். கேமரா சில நொடிகள் அவள் முகத்தில் நிற்கிறது. கண் கலங்குகிறது, மூச்சு வாங்குகிறது. அடுத்த கணம் டிராகனைக் கிளப்பிக்கொண்டு போய், சரணடைந்த ஊரைத் தெருத் தெருவாக எரிக்கத் தொடங்குகிறாள். அதன்பின் அந்த எபிசோட் முடியும்வரை அவள் முகத்தைக் காட்டவே இல்லை.

அடிமைச் சங்கிலிகளை அறுத்தவள் என்று எட்டு ஆண்டுகள் கொண்டாடப்பட்ட நாயகி அவள். கடைசி சீசனைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று இணையத்தில் தொடங்கிய மனுவில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள்.

டெனேரிஸ் கொடியவளாக மாறியதுதான் அந்தக் கோபத்துக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அந்த விதை முன்பே விழுந்திருந்தது. மீரீன் நகரை வென்றபோது 163 எஜமானர்களை அவள் சிலுவையில் அறைந்தாள். தன்னை உள்ளே விடாத நகரத்தை எரித்துவிடுவதாக இரண்டாவது சீசனிலேயே மிரட்டினாள். விதை முளைத்து மரமாவதற்கு வேண்டிய நேரம்தான் இல்லாமல் போனது. முதல் ஆறு சீசன்களுக்குத் தலா பத்து எபிசோடுகள் இருந்தன. ஏழாவதற்கு ஏழு, எட்டாவதற்கு ஆறுதான். கடைசி சீசனில் அடுத்தடுத்த இரண்டே எபிசோடுகளில் நம்பிக்கைக்குரிய ஜோராவும், தோழி மிசாண்டேயும், ஒரு டிராகனும் போய்விட, ஒரு பேரரசியின் மனச்சிதைவு அவசர அவசரமாக முடித்துவைக்கப்பட்டது. அவள் என்ன செய்தாள் என்பதைப் பல கோணங்களில் காட்டினார்கள். ஏன் செய்தாள் என்பதை அவள் வழியாகக் காட்டவில்லை.

ஃபேன்டஸி நாவல்கள் டிவி தொடர்களாகும்போது நாயகிகளுக்கு நேரும் பெரிய இழப்பு இதுதான். நாயகி பலவீனமானவளா, வீரம் மிக்கவளா, நல்லவளா, கெட்டவளா என்ற கேள்விகளிலேயே விவாதம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு பெண் பாத்திரம் உடைந்துபோவது வேறு இடத்தில். அவள் செய்கைக்கும் அவள் மனசுக்கும் இடையே ஓடும் காரணம் என்னும் இழையைத் திரைக்கதை அறுத்துவிடும் இடம் அது.

நாவலாசிரியருக்கு இந்த இழையை நூற்பது எளிது. ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் எழுதிய மூல நாவல்களில் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு பாத்திரத்தின் மண்டைக்குள்ளிருந்தே எழுதப்பட்டது. அவள் பார்ப்பது, பயப்படுவது, தப்பாகக் கணக்குப் போடுவது எல்லாம் வாசகருக்குத் தெரியும். திரையில் பெரும்பாலும் மனசுக்குள் பேசும் குரல் கிடையாது. அந்த இடத்தை நிரப்பத் திரைக்கதையாசிரியர்கள் சில குறுக்குவழிகளைக் கைவசம் வைத்திருக்கிறார்கள். கையில் வாளைக் கொடுப்பது ஒன்று. பெரிய கொடுமைக்கு ஆளாக்குவது இன்னொன்று. வேறொரு பாத்திரத்தின் கதையைத் தூக்கி இவள் தலையில் வைப்பது மூன்றாவது.

சான்சா ஸ்டார்க்குக்கு இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து நேர்ந்தன. நாவலில் அவள் வேல் மலைநாட்டில் வேறு பெயரில் மறைந்து வாழ்கிறாள். சூழ்ச்சிக்காரன் லிட்டில்ஃபிங்கரின் பக்கத்தில் இருந்தபடி, யாரிடம் எப்போது என்ன பேசினால் காரியம் நடக்கும் என்ற அரசியலைக் கற்றுக்கொள்கிறாள். கொடூரன் ராம்சே போல்டனுக்கு மணமுடிக்கப்படுவது ஜேய்ன் பூல் என்ற வேறொரு பெண். தொடரின் ஐந்தாவது சீசனில் அந்தப் பெண்ணின் கதை சான்சாவுக்கு மாற்றப்பட்டது. 2015 மே மாதம் ஒளிபரப்பான ஆறாவது எபிசோடில், திருமண இரவில் ராம்சே அவளைப் பலாத்காரம் செய்கிறான். கேமரா அவளை விட்டு விலகி, அதைப் பார்க்கும்படி கட்டாயப்படுத்தப்பட்ட தியான் என்பவனின் முகத்துக்குப் போகிறது. கொடுமை அவளுக்கு, ஆனால் காட்சியின் வேதனை அவனுக்கு.

கடைசி சீசனில் இதற்கு ஒரு சமாதானமும் எழுதினார்கள். லிட்டில்ஃபிங்கரும் ராம்சேயும் இல்லாவிட்டால் தான் வாழ்நாள் முழுக்கச் சின்னக் குருவியாகவே இருந்திருப்பேன் என்ற பொருளில் சான்சா பேசுகிறாள். ஹாலிவுட் நடிகை ஜெசிகா சாஸ்டெய்ன் உட்படப் பலர் இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார்கள். கண்ணும் காதும் திறந்துவைத்து அவள் படித்த பாடமெல்லாம் கணக்கில் வராமல், கொடுமைக்காரர்களே அவளை உருவாக்கியவர்களாகிவிட்டார்கள்.

இன்னும் ஆழமான காயம் எல்லாரியா சாண்டுக்கு. நாவலில் டோர்ன் நாட்டில் ஆண், பெண் பேதமின்றி மூத்த பிள்ளைக்கே அரியணை. அதற்காகச் சதி செய்யும் இளவரசி அரியானே, நாவலின் சுவாரசியமான பெண்களில் ஒருத்தி. தொடரில் அவள் இல்லவே இல்லை. அவள் இடத்தை நிரப்ப, இளவரசன் ஓபரினின் துணைவி எல்லாரியாவைப் பழிவாங்கும் தலைவியாக்கினார்கள்.

நாவலில் எல்லாரியா யார்? ஓபரினைக் கொன்றவனுடையது என்று சொல்லி ஒரு மண்டையோடு விருந்து மண்டபத்துக்கு வருகிறது. ஓபரினின் மூத்த மகள்கள் இது போதாது, இன்னும் ரத்தம் வேண்டும் என்கிறார்கள். அவன் செத்ததைக் கண்ணால் பார்த்த எல்லாரியாதான் எழுந்து தடுக்கிறாள். அக்காவுக்காகப் பழிவாங்கப் போய் அவன் செத்தான், அவனுக்காக நீங்கள் போனால், நாளை உங்களுக்காக என் நான்கு மகள்களும் போக வேண்டுமா என்று கேட்கிறாள். முடிவே இல்லாத கொலைச் சங்கிலியை நிறுத்தச் சொல்லும் அபூர்வமான குரல் அது. திரையில் அதே எல்லாரியா, விஷம் தடவிய உதட்டால் முத்தமிட்டு மிர்செல்லா என்ற சிறுமியைக் கொல்கிறாள். ஓபரினுக்காக என்று சொல்லிக்கொண்டே ஓபரினின் அண்ணனையே குத்திக் கொல்கிறாள். அவளுடைய கூட்டாளிகள் அண்ணன் மகனையும் தீர்த்துக்கட்டுகிறார்கள். அவளுக்குச் சண்டை கிடைத்தது, கொலைகள் கிடைத்தன, திரை நேரமும் கிடைத்தது. அவள் மட்டும் காணாமல் போனாள்.

சில சமயம் இழை அறுவது தயாரிப்புக் கணக்கினால். ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ தொடரின் ஹெலேனாவைப் பாருங்கள். மார்ட்டினின் மூல நூலில் இந்த அரசிக்கு மூன்று குழந்தைகள். கொலைகாரர்கள் அவள் அம்மாவின் அறைக்குள் புகுந்து, இரண்டு மகன்களில் யார் சாக வேண்டும், நீயே சொல் என்கிறார்கள். தன்னைக் கொல்லும்படி அவள் மன்றாடுகிறாள். அது பலிக்காதபோது சின்னவன் மேலோரின் பெயரைச் சொல்கிறாள். அவர்களோ, உன் அம்மா உன்னைத்தான் சாகச் சொன்னாள் என்று சின்னவனிடம் சொல்லிவிட்டு, மூத்தவனைக் கொல்கிறார்கள். உயிர் பிழைத்த பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே முடியாத தாயாகிறாள் ஹெலேனா.

2024 ஜூனில் வந்த இரண்டாவது சீசனில் மேலோர் என்ற பாத்திரமே கிடையாது. அந்தக் காட்சியில், எந்தக் குழந்தை ஆண் என்று மட்டும் அவள் கைகாட்டுகிறாள். அந்த ஆண்டு செப்டம்பரில் மார்ட்டின் தம் இணையதளத்தில் இதைப் பற்றி எழுதினார். மிகச் சிறிய குழந்தையை நடிக்கவைப்பது படப்பிடிப்பைத் தாமதப்படுத்தும், செலவைக் கூட்டும் என்று தயாரிப்புத் தரப்பு நினைத்ததை அவர் விளக்கினார். பின்னால் மேலோர் சாவதுதான் ஹெலேனாவின் துயர முடிவுக்குத் தூண்டுதல், அவன் இல்லாததால் அடுத்த சீசனுக்கான திட்டத்தில் அவள் காரணமே இல்லாமல் உயிரை விடுகிறாள் என்பது அவருடைய ஆதங்கம். அந்தப் பதிவு விரைவிலேயே நீக்கப்பட்டது. ஒரு குழந்தை நட்சத்திரத்துக்கான செலவை மிச்சம்பிடித்ததில் ஒரு பெண்ணின் சாவுக்குப் பொருள் இல்லாமல் போனது.

போலந்து எழுத்தாளர் ஆந்த்ரே சாப்கோவ்ஸ்கியின் நாவல்களைத் தழுவிய ‘த விட்சர்’, 2019இல் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கியபோது நம்பிக்கை தந்தது. சூனியக்காரி யென்னஃபரின் இளமைக் காலத்தை நாவல்களைவிட விரிவாகவே காட்டியது. ஆனால் 2021இல் வந்த இரண்டாவது சீசனில் அவள் மந்திர சக்தியை இழக்கிறாள். அதைத் திரும்பப் பெறுவதற்காகச் சிறுமி சிரியை ஒரு பிசாசிடம் ஒப்படைக்க அழைத்துப் போகிறாள், கடைசி நிமிடத்தில் மனம் மாறுகிறாள். நாவலில் இருவரும் நெருங்குவது ஒரு கோயிலில், ஆசிரியையும் மாணவியுமாக. முதலில் யென்னஃபரைப் பிடிக்காத சிரி, பாடங்களின் ஊடே மெல்ல மெல்ல அவளுக்கு மகளாகிறாள். அந்த நிதானமான பாசத்தை ஒதுக்கிவிட்டுத் துரோகத்தையும் மன்னிப்பையும் வைத்ததால், பிறகு அவர்கள் தாயும் மகளுமாக நிற்கும் காட்சிகளுக்கு அடித்தளம் இல்லை.

தமிழ் டப்பிங்கிலும் வந்த ‘த ரிங்ஸ் ஆஃப் பவர்’ தொடரின் கலாத்ரியேலுக்குக் கிடைத்தது வாள். டோல்கீனின் கதையில் அவளுடைய பெரிய பலம், எதிரே நிற்பவரின் மனசைப் படிக்கும் கூர்மை. 2022இல் வந்த முதல் சீசனில் அவள் வடக்குப் படைகளின் தளபதி. நூற்றாண்டுக் கணக்கில் பரம எதிரி சௌரானைத் தேடி அலைபவள், பக்கத்தில் நிற்கும் ஹால்பிராண்ட்தான் சௌரான் என்று தெரியாமல் தானே அவனை அழைத்து வருகிறாள். ஏமாறுவது தவறில்லை, சௌரான் எல்லோரையும் ஏமாற்றுபவன்தான். டோல்கீனின் எல்லா நூல்களுக்கும் உரிமை இல்லாததால் நிறையப் புனைய வேண்டிய கட்டாயமும் தயாரிப்பாளர்களுக்கு இருந்தது. ஆனாலும் ஆயிரக்கணக்கான ஆண்டு வாழ்ந்த ஒருத்தியை, அடுத்தவர் அடிக்கடி புத்தி சொல்ல வேண்டிய முன்கோபக்காரியாக மட்டும் எழுதியபோது, அவளுடைய அனுபவம் எங்கே போனது என்ற கேள்வி எழாமல் இல்லை.

இந்தத் தொடர்களில் பெண்கள் முன்னால் வருவதே பிடிக்காமல் கூச்சலிடுபவர்களும் இருக்கிறார்கள். நடிகைகள்மேல் அவர்கள் கொட்டும் வசவு விமர்சனமாகாது. எழுத்தறையைப் பார்ப்பதுதான் நியாயம். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ 73 எபிசோடுகளில் பெண்கள் எழுதியவை நான்கு, பெண் இயக்கியவையும் நான்கு. மூன்றாவது சீசனுக்குப் பிறகு எழுத்தாளர் பட்டியலில் பெண் பெயரே இல்லை. இது மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. யென்னஃபருக்கு அப்படி நேர்ந்த ‘த விட்சர்’ தொடரை நடத்தியவர் லாரன் ஷ்மிட் ஹிஸ்ரிச் என்ற பெண்மணி.

சரியாகச் செய்தவர்களும் உண்டு. டயானா கேபல்டனின் ‘அவுட்லேண்டர்’ நாவலில் கதை சொல்பவளே நாயகி கிளேர். 1945இலிருந்து 1743க்குப் போய்விழும் போர்க்கால நர்ஸ். 2014இல் தொடங்கிய தொடர் அவள் குரலைப் பின்னணியில் பேசவிட்டது. காயத்தைப் பார்த்ததும் அவளுக்குள் ஓடும் மருத்துவக் கணக்கும், உண்மையைச் சொன்னால் சூனியக்காரி என்பார்களோ என்ற பயமும் பார்ப்பவருக்கு நேரடியாக வந்துசேர்கின்றன.

ஃபிலிப் புல்மனின் ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ தொடர் (2019–2022) இன்னொரு படி மேலே போனது. நாவலில் இல்லாத காட்சி ஒன்றில், அதிகாரம் மிக்க மிஸஸ் கோல்ட்டர் நம் உலகுக்கு வந்து மேரி மலோன் என்ற பெண் விஞ்ஞானியைச் சந்திக்கிறாள். பெண் என்பதால் தன் உலகில் தனக்கு மறுக்கப்பட்ட டாக்டர் பட்டம் இந்தச் சாதாரணப் பெண்ணிடம் இருப்பது அவளைக் குலைத்துவிடுகிறது. வாளும் இல்லை, கொடுமைக் காட்சியும் இல்லை. அவளுடைய குரூரத்துக்குப் பின்னால் இருந்த ஏக்கம் அந்த ஒரு சந்திப்பில் புரிந்துவிடுகிறது.

அடுத்த பெரிய சோதனை ‘ஹாரி பாட்டர்’. அந்த நாவல்களை ஹெச்பிஓ நிறுவனம் நீண்ட டிவி தொடராக எடுப்பதாக 2023இல் அறிவித்தது. முதல் நாவலில் ஹாரியையும் நண்பன் ரானையும் ஒரு மாயக்கொடி சுற்றி இறுக்கும். நெருப்பு மூட்டினால் கொடி விலகும் என்று தோழி ஹெர்மயனிக்குத் தெரியும். ஆனால் பதற்றத்தில், விறகு இல்லையே என்று தவிப்பாள். நீ சூனியக்காரிதானே என்று ரான் கத்திய பிறகுதான் அவளுக்கு மந்திரக்கோல் ஞாபகம் வரும். 2001இல் வந்த திரைப்படத்தில் அவள் பதறவே இல்லை, எல்லாம் தெரிந்தவளாக நிற்கிறாள், பதறுவது ரான் மட்டும்தான். நான்காவது நாவலில் வீட்டு வேலைக்கார எல்ஃப்களின் விடுதலைக்காக அவள் தனியாளாகத் தொடங்கும் இயக்கமும் திரைப்படத்துக்கு வராமல் போனது. படித்த பாடமெல்லாம் பயத்தில் மறந்துபோகும் அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுமியையும், யார் சிரித்தாலும் பேட்ஜ் குத்திக்கொண்டு சந்தா கேட்டுத் திரியும் அந்தப் பிடிவாதக்காரியையும் திரும்பக் கொண்டுவர இந்தத் தொடருக்கு எபிசோடுகள் நிறையவே இருக்கும்.