அந்தத் தாழ்ப்பாளை யாரு போடணும்? – நோயாளர் நலச் சங்கம் பத்தி ஒரு எபிசோட்

போன மாசம் லீவுல அஞ்சுகிராமம் வந்திருந்தப்போ, அம்மாவை சுகர் மாத்திரை வாங்க ஒரு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். எதுன்னு சொல்லல, விட்டுருங்க. டாக்டர் பொறுமையாப் பாத்தாங்க, மாத்திரையும் இருந்துச்சு. ஆனா பெண்கள் கழிப்பறைக் கதவுல தாழ்ப்பாள் இல்ல. நான்தான் வெளிய நின்னு கதவைப் பிடிச்சுக்கிட்டேன்.

"நான் வராத மாசம் என்னம்மா பண்ணுவ?"

"தண்ணி குடிக்காம வருவேன் மக்கா."

சுகர் இருக்குற ஒரு மனுஷி, மாத்திரை வாங்குற நாள்ல காலையில இருந்து தண்ணி குடிக்கிறதில்ல. காரணம் ஒரு தாழ்ப்பாள். எங்க ஆபீஸா இருந்தா ஒரு டிக்கெட் போட்டிருப்பேன். இங்க யார்கிட்ட போடணும்னு தேடினப்போதான் இந்த எபிசோடுக்கு விஷயம் கிடைச்சுது.

1994-ல சூரத்ல பிளேக் பீதி வந்துச்சு இல்லையா? அந்தச் சமயம் மத்தியப் பிரதேசம் இந்தூர்ல இருந்த பெரிய அரசு ஆஸ்பத்திரி முழுக்க எலி. நோயாளிகளை வெளிய மாத்திட்டு, ஊர்க்காரங்களும் சேர்ந்து அதைச் சுத்தம் பண்ணாங்க. அப்புறம் பழையபடி ஆகாம பாத்துக்க ஒரு சங்கம் அமைச்சாங்க. பேரு ரோகி கல்யாண் சமிதி. அங்க நோயாளிகள்கிட்ட கட்டணம் வாங்கித்தான் அதை ஓட்டினாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல, அது வேற சண்டை.

2005-ல தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தப்போ இந்த யோசனை நாடு முழுக்கப் போச்சு. நம்ம ஊர்ல அதுக்குப் பேரு நோயாளர் நலச் சங்கம். மருத்துவ அலுவலர், உள்ளாட்சிப் பிரதிநிதிகள், உள்ளூர் ஆட்கள் சேர்ந்து உக்காந்து பேசுற இடம். அன்னைக்கு வகுத்த கணக்குப்படி ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருஷத்துக்குச் சங்கம் வழியா 1 லட்சம், பராமரிப்புக்கு 50,000, நிபந்தனையில்லா நிதியா 25,000. தாழ்ப்பாள், ஃபேன், குடிதண்ணி மாதிரி சின்ன வேலைக்கெல்லாம் மேலிடத்துக்குக் கடுதாசி எழுதிட்டுக் காத்திருக்கக் கூடாதுன்னுதான் இந்தப் பணமே.

சரி, பணம் இருக்கு, சங்கம் இருக்கு, தாழ்ப்பாள் ஏன் இல்ல? என் கணிப்பு ரொம்ப சிம்பிள்: அந்தக் கூட்டத்துல உக்காந்திருக்குற யாரும் அந்தக் கழிப்பறைக்குப் போறதில்ல.

இதுக்கு ஒரு வழியை நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துலயே செஞ்சு பாத்திருக்காங்க! 2007 வாக்குல 9 மாநிலங்கள்ல சமூகக் கண்காணிப்புன்னு ஒரு முன்னோட்டம் தொடங்குச்சு. தமிழ்நாட்டுல எடுத்தது 5 மாவட்டம், அதுல குமரியும் ஒண்ணு. மாவட்டத்துக்கு 3 வட்டாரம், வட்டாரத்துக்கு 3 ஆரம்ப சுகாதார நிலையம், ஒவ்வொண்ணுக்கும் 5 கிராமம். ஆக 45 கிராமம். கிராமக் குழுவுல இருந்தவங்க சொந்த ஊர்க்காரங்களையே உக்கார வெச்சுக் கேட்டாங்க: நர்ஸ் ஒழுங்கா வர்றாங்களா? பிரசவத்துக்குப் போனா மரியாதையா நடத்துறாங்களா? யாராவது காசு கேட்டாங்களா? பதிலுக்கு மார்க் போட்டு பச்சை, மஞ்சள், சிவப்புன்னு ஒரு அட்டையில குறிச்சாங்க. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் சிவப்புன்னா என்னன்னு தெரியும். நாங்க கம்பெனியில லட்சக்கணக்குல செலவு பண்ணிப் போடுற டேஷ்போர்டும் இதேதான்.

இதுல தன்னார்வலர் வேலைன்னா தரை துடைக்கிறதோ டோக்கன் குடுக்கிறதோ இல்ல. ஆள் பத்தலைன்னா அரசு ஆள் போடணும், அந்த இடத்துல நாம போய் இலவசமா நின்னா காலிப் பணியிடம் காலியாவே கிடக்கும். நாம செய்ய வேண்டியது பாத்ததைச் சொல்றது. யாரு எத்தனை மணிக்கு வந்தாங்க, எத்தனை மணிக்கு மாத்திரையோட வெளிய போனாங்கன்னு நாலு வாரம் ஒரு நோட்டுல குறிச்சாலே போதும், "ரொம்ப நேரம் ஆகுது"ங்கிற புலம்பல் ஒரு கணக்கா மாறிடும். அதைக் கையில வெச்சுக்கிட்டு டாக்டர்கிட்ட பேசிப் பாருங்க. பெரும்பாலும் அவங்களுக்கும் அது தேவைப்படும், மேல ஆள் கேக்குறதுக்கு.

ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட, "சங்கக் கூட்டம் எப்போ மேடம், நோயாளிங்க வரலாமா?"ன்னு கேட்டேன். ஒரு நிமிஷம் என்னையே பாத்தாங்க. "யாரும் இதுவரை கேட்டதில்ல தம்பி, வரச் சொல்லுங்க"ன்னாங்க.

அம்மா இப்போ காலண்டர் பின்னாடி எழுதிட்டு இருக்காங்க. ஒண்ணு, தாழ்ப்பாள். ரெண்டு, வெயில்ல கிடக்குற பெஞ்ச். மூணாவது என்னன்னு எனக்கே சொல்ல மாட்டேங்குறாங்க, கூட்டத்துல சொல்லிக்கிறேன்னுட்டாங்க.